அமெரிக்காக்காவின் ஊர்

"நீங்கள் ஊரிலை எவடம்?" என்று அவரிடம் முதலில் கேட்டது என் கணவர்தான்.

"பேஷன்ஸ்," என்றார் அவர்.

"ஓம், நேர்ஸ் வேலை எண்டு சொன்னவை. பேஷன்ஸைப் பாக்கிறீங்கள், அது விளங்குது. நான் கேட்டது ஊர்."

"ஊர்தான் தம்பி பேஷன்ஸ். நெப்ராஸ்காவிலை."

என் கணவர் எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார். வீடு திரும்பும் ரயிலில் மூன்று ஸ்டேஷன் தாண்டியபின் என் பக்கம் சரிந்து, "நெப்ராஸ்கா எண்டது மன்னார்ப் பக்கமே?" என்று மெல்லக் கேட்டார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடுவோம். எல்லோரும் என்றால் ஒரு வரவேற்பறைக்குள் அடங்கிவிடுகிற சனம். ஆண்கள் கதிரைகளில், பெண்கள் குசினிக்குள். அவர் மட்டும் இரண்டுக்கும் நடுவில், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார். உயரமான பெண். நாற்பது வயது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. சேலைதான் உடுப்பார், ஆனால் காலில் எப்போதும் நல்ல தோல் சப்பாத்து. வாசலில் கழற்றிவைத்த எங்கள் சப்பாத்துகளுக்குள் அவருடைய சோடி மட்டும் துடைத்த கண்ணாடிபோலத் தனியாகத் தெரியும்.

எட்டு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு நேராக அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். அதனால் அவருக்கு "அமெரிக்கா அக்கா" என்று பெயர் விழுந்தது. வாய்க்குள் ஒட்டிக்கொண்டு அது "அமெரிக்காக்கா" ஆயிற்று. அது அவருக்கும் தெரியும். "காகம் கத்தினமாதிரிக் கிடக்கு," என்று சிரிப்பார்.

பேஷன்ஸ் என்பது ஆங்கிலத்தில் பொறுமை. நோயாளர்களையும் அதே ஓசையில்தான் சொல்வார்கள். ஒரு தாதி தன் ஊரை அப்படிச் சொன்னால் யார்தான் குழம்பமாட்டார்கள்? ஆனால் குழப்பம் தீர்ந்த பிறகும் ஆட்கள் விடவில்லை. "அது நீங்கள் வேலை பார்த்த இடம். சொந்த ஊர்?" என்று கேட்பார்கள். "அதுதான் சொந்த ஊர்," என்பார். "பிறந்தது?" என்று கேட்டால் ஒரு கணம் யோசித்து, "பிறந்ததும் அங்கைதான் எண்டு வையுங்கோவன்," என்பார். சொல்லும்போது முகத்தில் கோபம் இராது. சாப்பாடு போதும் என்று இலைக்கு மேல் கையை விரிப்பதுபோல அதைச் சொல்வார்.

சொல்லிவிட்டு அந்த ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். அதற்குமேல் யாருக்கும் வேறு கேள்வி கேட்க மனம் வராது.

நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒன்றும் இல்லையாம். புல் மட்டும்தான். ஆள் உயரப் புல். மாட்டுவண்டிகளில் சில குடும்பங்கள் வந்து இறங்கி, முதலில் ஒரு கிணறு தோண்டினார்கள். நாட்கணக்காகத் தோண்டியும் மண்தான் வந்தது. தண்ணீர் கண்ட அன்று கிணற்றுக்குள் நின்றவர் கத்திய சத்தம் மேலே இருந்தவர்களுக்கு அழுகைபோலக் கேட்டதாம். பிறகு நிலம் அளக்கிற ஒருவர் வந்து, ரயில் பாதை இந்த வழியாகத்தான் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் காத்திருந்தார்கள். ஒரு வருடம் போயிற்று, இரண்டு வருடம் போயிற்று. ரயில் வரவில்லை. காத்திருந்து காத்திருந்துதான் ஊருக்குப் பேஷன்ஸ் என்று பெயர் வைத்தார்களாம்.

"கடைசியிலை ரயில் வந்தது," என்பார் அக்கா. "ஏழு மைல் தள்ளி, தெற்காலை."

"ஐயோ, பிறகு?" என்று யாராவது கேட்கவேண்டும். கேட்கும்வரை நிறுத்தி வைத்திருப்பார்.

"பிறகென்ன, ரயில் வராட்டி நாங்கள் போவம் எண்டு ஊரையே தூக்கிக்கொண்டு போச்சினம்."

பனிக்காலத்தில், நிலம் கல்லாக உறைந்த பிறகு, வீடுகளைப் பெரிய மரக்கட்டைகளின்மேல் ஏற்றிக் குதிரைகளைக் கட்டி இழுத்தார்கள். எல்லாம் பலகை வீடுகள். முதலில் தேவாலயம் போவதா, சாராயக் கடை போவதா என்று சண்டை வந்தது. தேவாலயம் முன்னால் போயிற்று, ஆனால் சாராயக் கடைதான் முதலில் போய்ச் சேர்ந்தது. "அதுக்கு இழுக்கிற ஆக்கள் கூட," என்று அக்கா சொன்னால் ஆண்கள் எல்லோரும் கதிரையில் சாய்ந்து சிரிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. ஒரு பெண் மட்டும் தன் வீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று குசினியிலேயே இருந்துவிட்டாள். அடுப்பை மூட்டி, மாவைப் பிசைந்து, பாண் சுட்டாள். வீடு அசைந்து அசைந்து வெண்பனியில் போகிறது. கூரையிலிருந்து புகை எழுந்து பின்பக்கமாக வளைந்து போகிறது. ஜன்னல் திரையும் ஆடுகிறது. வழியில் குதிரைகள் களைத்து நின்றபோதெல்லாம் அவள் கதவைத் திறந்து இழுப்பவர்களுக்குச் சூடான பாண் கொடுத்தாளாம். அக்கா தங்கியிருந்த வீட்டுக் கிழவி அந்தப் பெண்ணின் மகள். அதே வீடு, அதே குசினி.

நான் அப்போது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச நா எழாது. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நின்று வேலை செய்வேன். முன்னால் ஓடும் பட்டியில் பிஸ்கட்டுகள் வரிசையாக வரும்போது, என் கண்ணுக்கு அவை அந்த வீடுகள்போலத் தெரியும். ஒவ்வொன்றும் மெல்ல அசைந்து, புகை விட்டுக்கொண்டு, வெள்ளை வெளியில் போய்க்கொண்டிருக்கும். வேலை முடிந்து கிளென் வேவர்லி ரயிலில் ஏறினால் அரைத் தூக்கத்தில் மெல்பேர்ண் மறைந்து பேஷன்ஸ் வந்துவிடும். அந்த ஊரின் பெரிய தெருவில் நான் போகாத கடை இல்லை. வங்கி மணிக்கூடு ஐந்து நிமிடம் முந்தி ஓடும், யாரும் ரயிலைத் தவறவிடக்கூடாது என்று. தொலைபேசி நிலையத்தில் இருக்கும் பெண்ணிடம் டாக்டரின் வீட்டைக் கேட்டால், "அவர் வீட்டில் இல்லை, முடி வெட்டுகிற கடையில் இருக்கிறார், அங்கே தரவா?" என்பாள். எதிரே வரும் காரின் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார். புழுதிப் புயல் அடித்த வருடங்களில் மத்தியானத்தில் விளக்குக் கொளுத்தி, ஜன்னல்களுக்கு ஈரத் துணி கட்டி, தட்டைக் கவிழ்த்து வைத்துத்தான் சாப்பாட்டுக்கு அமர்வார்களாம். இதெல்லாம் எனக்கு நான் வாழ்ந்ததுபோல இருந்தது. எங்கள் பிளாட்டுக்கு அடுத்த தெருவின் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

"அந்தச் சனம் எப்படி?" என்று ஒருநாள் கேட்டேன். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பிளாட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரி விடுதி எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தது. கணவர் நித்திரையில் இருப்பார். நாங்கள் இருவரும் குசினி மேசையில் இருப்போம். அவரோடு மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச வந்தது.

"நல்ல சனம். கனக்கக் கதையாது. நான் போன முதல் நாள், எங்கையிருந்து வந்தனீர் எண்டு கேட்டினம். சிலோன் எண்டன். 'ஓ, சரியான தூரம்,' எண்டிட்டு ஒரு துண்டு அப்பிள் பை வெட்டித் தந்தினம். அவ்வளவுதான். அதுக்கு அடுத்த கேள்வி அவைக்குத் தெரியாது."

"அடுத்த கேள்வியோ?"

"ஓம். அடுத்த கேள்வி தெரியாத சனத்துக்கு நடுவிலை இருந்து பாக்கவேணும் பிள்ளை. இரவு படுத்தா உடனே நித்திரை வரும்."

அதே மேசையில்தான் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. ஊர் இடம் மாறிய கதையை திரும்பச் சொல்லும்படி நான் கேட்டிருந்தேன். வீடு, கடை, வேலி, நாய்க்கூடு எல்லாம் போன பிறகு, கிணறு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிணத்தைத் தூக்கிக்கொண்டு போக ஏலுமே? அது தனிய வெட்டையிலை நிண்டுது. நான் போய்ப் பாத்தனான். சுத்தவரப் புல்லு. வட்டக் கட்டு, ஒரு பக்கம் உடைஞ்சு, எங்கட ஆலடிக் கிணறு மாதிரி…"

நிறுத்திவிட்டார்.

ஆலடிக் கிணறு என்று பல ஊரில் இருக்கும். ஆனால் கட்டு ஒரு பக்கம் உடைந்த ஆலடிக் கிணறு எங்கள் ஊரில் இருந்தது. நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். முதல்முறையாக உண்மையாகவே பார்த்தேன். உயரம், நீண்ட கழுத்து, நடக்கும்போது முன்னால் மட்டும் பார்க்கும் கண்.

எனக்கு ஆறு வயதாக இருக்கும். வேலி ஓட்டைக்குள்ளால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு ஒரு உயரமான பெண் போவாள். செருப்பு இரண்டையும் கையில் பிடித்திருப்பாள். எங்கள் ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டு வந்ததும் குனிந்து அதைக் காலில் போட்டுக்கொள்வாள். பின்னேரம் அதே இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்புவாள். அவளுடைய ஆட்கள் எங்கள் ஒழுங்கையில் செருப்போடு நடக்கக்கூடாது. யார் சொன்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது. அதைத் தவறென்று நினைக்கும் வயதும் இல்லை. ஒரு நாள் நான் வேலிக்குள் நிற்பதைக் கண்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஓடிவிட்டேன்.

அக்கா கோப்பையின் காதைப் பிடித்தபடி இருந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போட்டு வாறன்," என்றார்.

அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒரு அப்பிள் பை செய்து எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் பழக்கம் இன்னும் கூடியது. ஆனால் அந்த ஆலடிக் கிணறு பற்றி ஒரு சொல்லும் நாங்கள் கதைத்ததில்லை.

அந்த வருடம் எங்கள் கூட்டத்தில் ஒரு இஞ்சினியர் புதிதாகச் சேர்ந்தார். றோட்டுப் போடும் பகுதியில் வேலை. மனைவி இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்துக்கு அப்பால், பழத் தோட்டங்களை வெட்டி எழும்பிய புதுச் செங்கல் வீடுகளில் ஒன்று அவருடையது. அவருடைய மூத்த சகோதரி கூட இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவரை நாங்கள் அன்ரி என்போம்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் எங்கள் பிளாட்டில் நடந்தது. அக்கா ஊர்க்கதை சொல்ல, இஞ்சினியர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கேக் வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார்.

"மெயின் ஸ்ட்ரீட் எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு?"

"கிழக்கு மேற்கு."

"வங்கி?"

"வடக்குப் பக்கம். அதுக்குப் பக்கத்திலை முடி வெட்டுற கடை. இல்லை, நீங்கள் றோட்டை நேராக் கீறிப்போட்டியள். தேவாலயத்தடியிலை அது வளையும்."

"ஏன் வளையவேணும்? வெறும் வெளிதானே?"

"வீடுகளை இழுத்துக்கொண்டு வரேக்கை அவடத்திலை ஒரு குதிரை விழுந்து செத்துப்போச்சு. நிலம் உறைஞ்சு கிடக்கு, புதைக்க ஏலேல்லை. பின்னாலை வந்த வீடுகள் அதைச் சுத்தி வளைஞ்சு போச்சுது. பிறகு றோட்டும் அப்பிடியே போட்டாச்சு."

இஞ்சினியர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் பன்ரெண்டு வருஷமா றோட்டுப் போடுறன். ஒரு வளைவுக்கு இப்பிடி ஒரு காரணம் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்." பிறகு அந்தக் கோட்டை வெட்டிவிட்டு றோட்டை வளைத்துக் கீறினார். அன்று இரவு எட்டு மணிக்குள் அந்த அட்டையில் பேஷன்ஸ் முழுவதும் வந்துவிட்டது. கடைசியில் அவர் கேட்டார்: "உங்கட அறை எது?" அக்கா குனிந்து ஒரு சின்னச் சதுரத்தின்மேல் விரலை வைத்தார். காது சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் இஞ்சினியர் தன் காரில் அவரை விடுதிக்குக் கொண்டுபோய் விட்டார். எல்லோருக்கும் விளங்கியது. என் கணவர்கூட, "அமெரிக்காக்கா கூடு கட்டப் போறா," என்று பகிடி விட்டார்.

ஒரு ஞாயிறு நான் அக்காவோடு ஸ்டேஷன்வரை நடந்துபோனேன். அவராகவே சொன்னார்.

"அவர் ஊர் எதெண்டு கேட்கேல்லைப் பிள்ளை. ஊர் எப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டார்."

நான் சிரித்தேன்.

"எனக்கு விருப்பம்தான். நாப்பது வயசிலை சொல்ல வெக்கமாக் கிடக்கு. பதினஞ்சு வருஷமா இரவல் அறையளிலை ஒரு கட்டில், ஒரு அலுமாரி. எனக்கெண்டு ஒரு குசினி இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு யோசிக்கிறன்." ஸ்டேஷன் வாசல் வந்தது. "தமக்கையும் தம்பியுமா இருக்கிற வீடு. தமக்கை விசாரிப்பா. விசாரிக்காமல் விடமாட்டா. இந்த மெல்பேர்ணிலை என்னைத் தெரிஞ்ச ஆள் நீர் ஒராள்தான்."

ரயில் வந்துவிட்டது. என் கையை அழுத்திவிட்டு ஏறினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வேலைநாள் பகலில் அன்ரி வந்தார். அன்று எனக்குத் தொழிற்சாலை இல்லை. நான் சுளகில் அரிசிக்குள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மறுபடியும் சுளகை மடியில் எடுத்துக்கொண்டேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"உம்மட்டை ஒரு விசியம் கேக்கத்தான் வந்தனான் பிள்ளை. எங்கட தம்பிக்கும் அவவுக்கும் பேச்சு நடக்குது, தெரியும்தானே. நல்ல பிள்ளை, குணமான பிள்ளை. நான் குறை சொல்லேல்லை. ஆனா உந்த நெப்ராஸ்காக் கதையை நான் எப்பிடி எங்கட ஆக்களுக்குச் சொல்லுறது? அவவின்ரை பேச்சைக் கவனிச்சனான். உங்கட பக்கத்துப் பேச்சு. நீர் அவவோடை நல்ல பழக்கம். உங்கட ஊரே?"

என்னிடம் மூன்று பதில் இருந்தன. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். ஓம், எங்கட ஆக்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த மாதமே கலியாணம் நடந்திருக்கும். உள்ளதைச் சொல்லியும் இருக்கலாம்.

நான் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல் கிடந்தது. அதை எடுத்தேன். இன்னொன்று கிடந்தது.

"பிள்ளை?" என்றார் அன்ரி.

சுவர் மணிக்கூட்டின் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் உண்மையாக நம்பினேன்.

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். பாதித் தேநீர் அப்படியே இருந்தது.

"சரி பிள்ளை. எனக்கு விளங்குது. நீர் வாயாலை சொல்லவேண்டாம்."

எழுந்து போய்விட்டார். கதவு மூடிய பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் சனத்துக்குள் அந்தக் கேள்விக்கு வாய் மூடி இருப்பதற்கு ஒரே ஒரு பொருள்தான். அதை நானும் பிறந்த நாளிலிருந்து அறிவேன்.

என் கூச்சம்தான் காரணம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அதைச் சொல்லித் தப்பமுடியவில்லை. கூச்சம் உள்ளவளுக்கும் "தெரியாது" என்ற சொல் வரும். எனக்குள் ஏதோ ஒன்று, அவரை எங்கட ஆள் என்று சொல்ல விடவில்லை. அந்த வேலிக்குள் நின்று பார்த்தவள்தான் அது.

அடுத்த கூட்டத்துக்கு இஞ்சினியர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அக்கா இரண்டுக்கும் வந்தார், கதவு நிலையில் நின்றார், யாரும் அவரிடம் ஊர்க்கதை கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு எங்கள் மேசையில் வந்து அமர்ந்தார்.

"அன்ரி வந்தவவாம்."

"ஓம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. சத்தியமா ஒண்டும் சொல்லேல்லை."

"தெரியும்," என்றார். கோபமில்லை. வழக்கமாக ஊர்க்கதை தொடங்கும்போது வரும் அதே குரல் வந்தது. "எங்கட ஊர் ஸ்டேஷனிலை பின்னேர ரயில் இருவது நிமிஷம் நிக்கும். கிழவியின்ரை இளம் வயசிலை, அந்த ரயிலிலை வேலை செய்யிற ஒரு கறுப்பு ஆள் இருந்தவராம். கனகாலம் அதே ரயிலிலை வந்தவர். எல்லாருக்கும் அவரின்ரை பேர் தெரியும். ஸ்டேஷனுக்கு வாற பிள்ளையளுக்கு மிட்டாய் குடுப்பாராம். ஆனா ஒருநாளும் மேடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்ததில்லை. முன்னாலை கோப்பிக் கடை. பனியிலை நிண்டு கையைத் தேய்ச்சுக்கொண்டு நிப்பாராம். ஏன் வரேல்லை எண்டு நான் கிழவியைக் கேட்டன்."

அக்கா கோப்பையை மெல்லச் சுற்றித் திருப்பினார்.

"கிழவி சொன்னா, 'ஏனெண்டு எங்களுக்குத் தெரியாது. வரவேண்டாமெண்டு நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே.'"

வெளியே ஒரு ரயில் போயிற்று. மேசையில் கோப்பைகள் மெல்ல அதிர்ந்தன.

"அதுக்குப் பிறகும் அந்தக் கிழவியோடைதான் நாலு வருஷம் இருந்தனான்," என்றார் அக்கா. "அவவின்ரை பாணைத் திண்டன். அவ வருத்தமாப் படுக்கையிலை கிடக்கேக்கை நான்தான் கழுவித் துடைச்சனான். நல்ல மனிசி. என்ன செய்ய."

எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காததுபோல இருந்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் விம்மெரா பக்கத்துக் கோதுமை நாட்டில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். தனியாக ரயில் ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. கணவரிடம் என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனேன். ஆறு மணித்தியாலமும் அந்த வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தட்டையான மஞ்சள் நிலம், கோதுமை சேர்க்கும் உயர்ந்த வெள்ளைக் கோபுரங்கள், பிறகு மறுபடியும் நிலம். எங்கே முடிகிறது என்று தெரியாத வானம். சில இடத்தில் தூரத்தில் ஒரு வீடு மட்டும் தனியாக நின்றது, யாரோ இழுத்துவந்து பாதியில் விட்டதுபோல.

வருகிறேன் என்று ஆஸ்பத்திரி முகவரிக்குக் கடிதம் போட்டிருந்தேன், அக்கா ஸ்டேஷனில் நின்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். "வாரும்," என்றார், அவ்வளவுதான். அன்று தேவாலய மண்டபத்தில் பெண்களின் தேநீர் விருந்தாம், அங்கே கூட்டிக்கொண்டு போனார். தனியாக அவரோடு பேசலாம் என்றுதான் நான் வந்திருந்தேன். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, இருபது பெண்கள். ஆஸ்பத்திரியில் தாதியை அழைப்பதுபோல எல்லோரும் அவரை "சிஸ்டர்" என்றார்கள். என் பக்கத்தில் பூப்போட்ட சட்டை அணிந்த ஒரு வயதான பெண் இருந்தார். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்:

"நீங்களும் சிஸ்டரும் ஒரே ஊரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"ஓம்," என்றேன். பிறகு ஆங்கிலத்தில், "ஒரே ஊர்," என்றேன்.

கத்தி நின்றது.

"அப்படியா! என்ன அருமை," என்றார் அந்தப் பெண். மேசையின் மறுபக்கம் திரும்பி, "உங்கள் ஊர் அழகான ஊரா, சிஸ்டர்? நீங்கள் அமெரிக்கா பற்றித்தானே எப்போதும் சொல்வீர்கள். இதை ஒருநாளும் சொன்னதில்லையே."

அக்கா வெண்ணெய்க் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இவவைக் கேளுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "ஊர் இவவுடையது. நான் அதன் வழியாக நடந்துபோனவள்."

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். மேசையில் வேறு சிலரும் திரும்பினார்கள். ஆறு மணித்தியாலம் அடுக்கிய வார்த்தைகளில் ஒன்றும் ஆங்கிலத்தில் இல்லை. கைகளை மடியில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டேன்.

"அழகில்லை," என்றேன். "இவவுக்கு அது நல்ல ஊர் இல்லை. நாங்கள் நல்லவர்களாக இருக்கவில்லை. என் வீடும்தான். நானும்தான்."

பிழையான ஆங்கிலமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மேசையில் கேட்கும்படி சொன்னேன். அடுத்த கேள்வி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சுருட்டிய துவாலையைப் பிரித்துப் பிரித்து மடித்தார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, பெரிய அலுமினியத் தேநீர்க் கேத்தலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, எனக்குப் பின்னால் நின்று என் கோப்பையை நிரப்பினார். விளிம்புவரை நிரப்பினார். கேத்தலைக் கீழே வைத்த பிறகும் அவர் கை என் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது.

"குடியும்," என்றார் தமிழில். "ஆறப்போகுது."